கண்டிக்கு வந்த யாங்கி

மார்க் ட்வெயின் 1889இல் வெளியிட்ட 'ஆதர் மன்னன் அவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி' என்னும் நாவலை நம்மிற் பலர் சிறுவருக்கான சிரிப்புக் கதையாகவே அறிவோம். பள்ளிகளிற் புழங்கும் சுருக்கப் பதிப்புகள் செய்த வேலை இது. சுருக்குவோர் கோமாளித்தனத்தை வைத்துக்கொண்டு குருதியைத் துடைத்துவிடுகின்றனர். கண்டியிலிருந்து இந்நூலைப் படிக்கும் நமக்கோ, அவர்கள் துடைத்தெறிந்த பக்கங்களே நூலின் உயிர்நிலை.

ஹார்ட்போர்ட் நகரில், கோல்ட் ஆயுதத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன் ஹாங்க் மோர்கன். சண்டையொன்றில் இரும்புப் பாரையால் மண்டையில் அடிபட்டு விழுந்தவன், 6ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண் விழிக்கிறான். எரித்துக் கொல்லப்பட இருந்த வேளையில், சூரிய கிரகணம் வரும் என்னும் தன் அறிவை மந்திரமாகக் காட்டித் தப்புகிறான். மன்னனுக்கு அடுத்த அதிகாரியும் ஆகிறான். பள்ளிகள், தொலைபேசி, பத்திரிகை, தொழிற்சாலைகள் யாவும் மறைவாக முளைக்கின்றன. பின்னர் மன்னனும் அவனும் குடியானவர் வேடத்தில் நாடு சுற்றும்போது பிடிபட்டு அடிமைச் சந்தையில் விற்கப்படுகின்றனர். மன்னனுக்குக் கிடைத்த விலை 7 டாலர், யாங்கிக்கு 9. அடிமையானதைவிட, விலை குறைந்ததே மன்னனுக்குப் பெருந்துயரமாகிறது! முடியின் தெய்வீகத்தை இதைவிடக் கூர்மையாக அறுத்த அங்கதத்தை நாம் அதிகம் கண்டதில்லை. அரண்மனைச் சதியிலும் இளவரசியின் கடைக்கண்ணிலும் கிறங்கிக் கிடக்கும் நம் சரித்திரத் தொடர்கதைகளில் இத்தகைய ஒரு பக்கத்தையேனும் தேடிப் பார்த்தல் நலம்.

ஆயினும் ட்வெயினின் அம்பு பழைமையை மட்டும் குறிவைத்ததன்று. நூலுக்குப் படம் வரைந்த டான் பேர்ட், அடிமைகளை ஓட்டிச்செல்பவனுக்கு அக்கால அமெரிக்க முதலாளி ஜே கூல்டின் முகத்தைக் கொடுத்தார். கதையின் இறுதியிலோ விடுதலையாளனே கொலையாளியாகிறான். திருச்சபையின் தடை ஆணையால் மக்கள் கைவிட, யாங்கியோடு எஞ்சுவோர் அவன் உதவியாளன் கிளாரன்ஸும் 52 இளைஞருமே. மின்கம்பியாலும் கட்லிங் துப்பாக்கியாலும் வெள்ளத்தாலும் அவர்கள் 25,000 வீரரைக் கொன்று குவிக்கின்றனர். பிணங்களிலிருந்து எழுந்த நச்சுக் காற்று வென்றவர்களையும் குகைக்குள்ளேயே வீழ்த்துகிறது.

இந்த யாங்கியைக் கண்டி நன்கறியும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1814இல் எகலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்வித்தது உண்மை; அக்கொடுமையைக் காட்டியே கவர்னர் பிரௌன்றிக் படை நடத்தியதும் உண்மை. 1815 மார்ச் 2இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. கொடுங்கோலனிடமிருந்து மீட்கப்பட்ட மக்களோ 1817இலேயே ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ந்தெழுந்தனர். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனிதனின் குணத்தை அளந்த 'விஞ்ஞானிகள்' எடின்பரோவில் இருந்தனர். அம்மண்டையோடு அவர்களிடம் போயிற்று. இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே அது திரும்பியது. மேர்லினின் மாயத்தைப் பரிகசித்த அறிவியலின் இலட்சணம் இது.

அடுத்து வந்தது சாலை. கடுகண்ணாவை வழியே அது மலையேறியபோது அதில் உழைத்தது பழைய மன்னராட்சிக்குரிய இராஜகாரியக் கட்டாய வேலையே. அவ்வழக்கம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படவே, தமிழகத்து ஏழை உழவர் கங்காணிகளின் பின்னே மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் கண்டிக்கு இரயில் வந்தது. அந்த இரயில் சுமந்த கோப்பியையும் தேயிலையையும் பறித்தவர்களின் வழித்தோன்றல்களைச் சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. கண்டி மன்னனைப் போற்றுவோரும் வெள்ளையன் போட்ட சாலையைப் போற்றுவோரும் ஒருசேர மறக்கும் மனிதர் இவர்களே.

நூலின் குறையும் இங்கேதான் உள்ளது. ட்வெயினின் மக்கள், யாங்கி பிசையும் களிமண். கரி சுடும் மார்க்கோ, தன் பிரபு செத்ததில் மகிழ்ச்சியே என்று மெல்ல வாய்விடும் இடத்தில் ஒரு பொறி பறக்கிறது; ஆசிரியர் அதை ஊதி வளர்க்கவில்லை. தாமாக எழும் மக்களை அவரால் கற்பனை செய்ய இயலவில்லை. 1848இல் மாத்தளைக் குடியானவர் புதிய வரிகளை எதிர்த்து எழுந்ததும், புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர் நூலுக்கு நாற்பதாண்டு முன்னரே நடந்தவை.

ஆசிரியரின் வாழ்க்கை அவர் நூலை முந்திச் சென்றது. அச்சுக் கோக்கும் யந்திரமொன்றில் பெரும்பணத்தைக் கொட்டி 1894இல் நொடித்துப்போனார்; கடன் தீர்க்கச் சொற்பொழிவாற்றிக்கொண்டு உலகைச் சுற்றினார். 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கியவர், தெருவின் வண்ண உடைகளில் மனம் பறிகொடுத்தார். ஐரோப்பிய உடைக்குள் திணிக்கப்பட்டு வரிசையாகச் சென்ற மிஷன் பள்ளிச் சிறுமியரைக் கண்டு முகஞ்சுளித்தார். யாங்கியின் 'மனிதத் தொழிற்சாலை' அன்று அவர் கண்முன்னே நடந்துபோனது எனலாம். 1901 முதல் 1910இல் மறையும் வரை ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் உபதலைவராய் இருந்தார்.

இந்நூலுக்கு இன்று பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லை. அடிமைச் சந்தையையும் மார்க்கோவின் குடிசையையும் இறுதிப் போரையுமேனும் தமிழாக்கி, மலையக மாணவர் கையில் தருவது நம் ஆசிரியர்களுக்கு ஒரு விடுமுறைக் கால வேலையே.