பந்தியில்லாச் சகோதரர்கள்

மூலைமட்டமும் கவராயமும் யாருடைய கருவிகள்? திருவொற்றியூரில் சுவர் எழுப்பி அன்றாடக் கூலி பெறும் கொத்தனாரின் கருவிகள். அவற்றையே சின்னமாகச் சூடி, மூடிய கதவுக்குள் ஒருவரையொருவர் 'சகோதரர்' என அழைத்துக்கொள்வோர் ஃபிரீமேசன்கள். எழும்பூரிலும் அவர்களுக்கு மண்டபம் உண்டு.

அங்கே உறுப்பினராய் இருப்பது எத்தகைய அனுபவம்? 1886-இல் லாகூரில் சேர்ந்த ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங், 'மதர் லாட்ஜ்' என்ற கவிதையில் அதை உருகிப் பாடுகிறார். வெளியே சல்யூட், சலாம்! உள்ளே இந்துவும் இசுலாமியரும் யூதரும் சீக்கியரும் வெள்ளையருக்குச் சகோதரர்! ஆதிக்க வெறி கொண்ட பேனாவிலும் மனிதநேயம் கசிந்திருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால், அதே கவிதை இன்னொன்றும் சொல்கிறது. சகோதரர் ஒருவரின் சாதி கெட்டுவிடுமோ என அஞ்சி, அங்கே விருந்து வைப்பதில்லையாம்! கவிஞருக்கு இது நாகரிகம். சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தியை எதிர்த்துப் பெரியார் போர்க்கொடி உயர்த்திய நாட்டில், நமக்கு இது சாதிக்குச் செலுத்தும் கப்பம். சேர்ந்து உண்ண முடியாதவர் எவ்வாறு சகோதரராவார்?

அதுமட்டுமா? கடவுளை நம்பாதவருக்கு அனுமதி இல்லை, பெண்ணுக்கும் இல்லை. பிரான்சின் கிராண்ட் ஓரியண்ட் 1877-இல் கடவுள் நிபந்தனையைக் கைவிட்டது. ஆங்கிலச் சங்கம் அதனோடு உறவை முறித்தது. 1961-இல் உருவான இந்தியப் பெருஞ்சங்கமும் ஆங்கில மரபிலேயே நிற்கிறது.

தோழர்களே! கதவு திறந்ததும் கலைந்துபோகும் சமத்துவம் நமக்கு எதற்கு? இராயபுரத் தெருவிலும், நம் வீட்டுப் பந்தியிலும், திருமணத்திலும் அது நிலைக்க வேண்டும். அதற்கு இரகசியக் குறி தேவையில்லை, துணிவு தேவை.