களைப்பின் தோன்றா எழுவாய்

தீராக் களைப்புக்கு மகளிர் இதழ்கள் தரும் உணவு, வாழ்க்கைமுறைக் குறிப்புகளை விடாமல் வாசிப்பவள் நான். இலக்கணம் நடத்துபவள் என்பதால் கண் முதலில் வினைமுற்றுகளில் விழும். முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளுங்கள், கேழ்வரகை முளைகட்டுங்கள், பத்து மணிக்குள் உறங்குங்கள். எல்லாம் ஏவல், எழுவாய் தோன்றா எழுவாய்.

யார் அந்த 'நீங்கள்'? கீரையை ஆய்ந்து, அலசி, வதக்குபவள். களைத்திருப்பவளும் அவளே. கணவர் களைத்தால் அந்தக் குறிப்பு மனைவிக்கு வேலை. மனைவி களைத்தாலும் அவளுக்கே வேலை.

குறிப்புகள் பொய்யல்ல. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு வரும். சாப்பாட்டோடு காப்பி, தேநீர் குடித்தால் கீரையிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். மாணவிகளிடம் நானே இதைச் சொல்வதுண்டு. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் இருப்பதை ஒருத்தியின் கவனக்குறைவாக எழுதுவதுதான் உறுத்துகிறது. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97. பத்து மணி உறக்கத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் மருமகள் மீனாட்சி சமையலறையையே மாற்றிக் கட்டலாமே என்று கேட்பாள். நம் குறிப்பெழுத்தாளர்கள் அடுப்படியை அப்படியே விட்டுவிட்டு, அதில் நிற்பவளைத் திருத்தப் பார்க்கிறார்கள்.

எல்லாக் களைப்பும் கீரையில் தீராது. தைராய்டுக் குறைபாட்டை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். நாட்பட்ட களைப்பு நோய்க்குறி என்று மருத்துவம் தனியே பெயரிட்டிருக்கும் நோயில், சிறு உழைப்புக்குப் பின்னும் உடல் மோசமாகச் சரிந்துவிடும். அந்நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2021இல் கைவிட்டது. இங்கோ "தினமும் அரைமணி நடங்கள்" என்பது எல்லாருக்குமான ஒரே வரி. நடக்க முடியாதவள் சோம்பேறி என்று அது சொல்லாமல் சொல்கிறது.

சென்ற பருவத்தில் இப்படி ஒரு குறிப்பைக் கொடுத்து, எழுவாய் சேர்த்து எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியது: "அண்ணன் கீரை ஆய்கிறான். அப்பா பாத்திரம் கழுவுகிறார். அம்மா பத்து மணிக்கு உறங்குகிறாள்." வகுப்பே சிரித்தது.