யோசேப்பின் மௌனமும் உழைப்பின் குரலும்: ‘தந்தையின் இதயத்தோடு’ மடல் குறித்த ஒரு திறனாய்வு

நற்செய்திகளில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. மத்தேயுவில் அவர் கனவு காண்கிறார், எழுகிறார், செல்கிறார். காணாமற்போன சிறுவனைக் கோவிலில் கண்டபொழுதும் லூக்காவில் பேசுபவர் மரியாவே. காப்பிய மரபு இத்தகைய தலைவனைத் தாங்காது. எனவே வீரமாமுனிவர் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் அவரைச் சொல்வன்மை மிக்க ‘வளன்’ ஆக்கினார். (‘சேர்த்துத் தருவார்’ என்னும் எபிரேயப் பெயர்ப்பொருளுக்கு இது நயமான ஆக்கம்.)

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட ‘தந்தையின் இதயத்தோடு’ மடலோ அம்மௌனத்தையே பண்பாக வாசிக்கிறது. எகிப்துக்கு ஓடிய குடும்பத்தை இன்றைய புலம்பெயர்ந்தோருடன் இணைக்குமிடம் அதன் வலிமையான பகுதியாகும். யோசேப்பின் ஏற்பு செயலற்ற பணிவன்று எனவும் மடல் தெளிவுபடுத்துகிறது. ஆயினும் உழைப்பைப் பற்றிய பகுதியில் இத்தெளிவு தளர்கிறது. 1891ஆம் ஆண்டின் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை நினைவூட்டித் தொடங்கும் இப்பகுதி, உழைப்பின் மாண்பையும் பெருந்தொற்றுக்கால வேலையிழப்பையும் பேசுகிறது. ஆனால் அச்சுற்றுமடல் வலியுறுத்திய நியாயக்கூலி, தொழிலாளர் சங்க உரிமை ஆகியவற்றைத் தொடாமலே முடிகிறது.

இவ்விடுபடல் சிறிதன்று. தொழிலாளரான யோசேப்பின் விழாவை 1955இல் பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது மே 1ஆம் நாளில். அது உழைப்போர் உரிமை கேட்டுக் குரல் எழுப்பும் நாள். பேசாத தச்சரை அந்நாளின் பாதுகாவலராக நிறுத்தும்பொழுது, மௌனம் உழைப்போருக்குரிய அறமாகக் கற்பிக்கப்படும் வாய்ப்புண்டு. மத்தேயு அதற்கு இடம் தரவில்லை. யோசேப்பு பேசாதிருந்தார் என அவர் எங்கும் புகழவில்லை. அவருடைய பேச்சைப் பதிவு செய்யவில்லை, அவ்வளவே.