பரங்கிமலைத் தொகுதி எங்கே போச்சு?

எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த சட்டமன்றத் தொகுதிகள் நாலு: பரங்கிமலை (1967, 1971), அருப்புக்கோட்டை (1977), மதுரை மேற்கு (1980), ஆண்டிப்பட்டி (1984). பின்னால் சொன்ன மூன்றும் இன்றும் இருக்கின்றன. முதல் தொகுதி மட்டும் இல்லை. 1976 மறுவரையறைக்குப் பிறகு நடந்த 1977 தேர்தல் பட்டியலில் ஆலந்தூர் இருக்கு, தாம்பரம் இருக்கு, பரங்கிமலை இல்லை.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் ரெண்டு விதமான எழுத்துதான் கண்ணில் படுது. ஒன்று, "அதுதான் இப்போதைய ஆலந்தூர்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பட்டியல். இன்னொன்று குண்டடிக் கதை. ரெண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

கதையை முதலில் எடுத்துக்கலாம். 1967 ஜனவரி 12-இல் எம்.ஆர்.ராதா சுட்டார், கழுத்தில் கட்டோடு படுத்திருந்த படம் போஸ்டராச்சு, பிரசாரத்துக்குப் போகாமலேயே ஜெயித்தார். சம்பவங்கள் எல்லாம் உண்மை. ஆனா அதிலிருந்து "அனுதாபத்தால் ஜெயித்தார்" என்று தாவுவதுதான் இடிக்குது. அந்தத் தேர்தலில் 234-இல் தி.மு.க. மட்டும் 137 இடம் பிடித்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் பெ.சீனிவாசனிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்ட் வரை சேர்ந்த கூட்டணி என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்குது. பரங்கிமலையில் காங்கிரஸின் தி.லெ.ரகுபதியை எம்.ஜி.ஆர். 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் வென்றார். படம் அந்த வித்தியாசத்தைக் கூட்டியிருக்கலாம். வெற்றியையே அதுதான் கொடுத்ததுன்னா, 1971-இல் கட்டும் இல்லை, போஸ்டரும் இல்லை, அதே தொகுதியில் எப்படி மறுபடி ஜெயித்தார்? அவர் வீடு இருந்த ராமாவரம் தோட்டம் மலைக்குப் பக்கத்திலேயே இருப்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கதை 1967-லேயே நின்றுவிடுவதால் இன்னொன்றும் விட்டுப்போகுது. 1972 அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்டு நீக்கப்பட்டு, 17-ஆம் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது எம்.ஜி.ஆர். வகித்த பதவி பரங்கிமலை எம்.எல்.ஏ. தி.மு.க. சின்னத்தில் அந்தத் தொகுதி மக்கள் அனுப்பிய ஆள், அவர்களிடம் மறுபடி ஓட்டுக் கேட்காமலேயே வேறொரு கட்சியின் தலைவரானார். கட்சித் தாவல் தடைச் சட்டம் வர 1985 ஆகணும். அ.தி.மு.க.வின் தேர்தல் வரலாற்றை எல்லாரும் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னால் பரங்கிமலைக்காரர்கள் என்ன நினைத்தாங்க என்று கேட்க, 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு தொகுதியே மிஞ்சவில்லை.

இப்போ "அதுதான் ஆலந்தூர்" என்ற வரி. புரோகிராமர் பாஷையில் சொன்னா, ரெண்டு டேபிளைப் பெயரை வைத்து இணைத்த மாதிரி. மறுவரையறையில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதில்லை. பிர்க்கா, பேரூராட்சி, வார்டு என்று பிரித்து வேறு வேறு தொகுதிகளில் சேர்ப்பாங்க. 2008-லும் இதுதான் நடந்தது. பல்லாவரமும் சோழிங்கநல்லூரும் 2011-இல் முதல் தடவையாக ஓட்டுப் போட்டன. இவற்றுக்கு "முன்னாள் பெயர்" என்ன என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. செம்பாக்கத்துக்காரனான எனக்கு ஓட்டு தாம்பரத்தில். 1977-இல் தாம்பரத்தில் ஜெயித்த முனு ஆதி சபாநாயகரும் ஆனார். அந்தப் பட்டியலும் 1977-க்கு முந்தைய வருஷங்களைப் பேசாமல் கடந்துபோகுது.

அயர்லாந்தில் 1800-இல் ஒன்றியச் சட்டம் வந்தபோது 300 பேர் இருந்த டப்ளின் மக்களவை கலைந்து, லண்டனுக்கு 100 பேர்தான் போனாங்க. ஒழிந்த பரோ ஒவ்வொன்றுக்கும், அதைக் கையில் வைத்திருந்த பிரபுக்களுக்கு 15,000 பவுண்டு நஷ்டஈடு. அப்பட்டமான அநியாயம்தான். ஆனா காசு கொடுத்ததால் எந்தெந்தத் தொகுதி போச்சு, யார் கைக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது!

நம்ம பட்டியல்களில் ஒரே ஒரு காலம் கூடுதலாக இருந்தால் போதும்: இந்தத் தொகுதி எந்தெந்தப் பழைய தொகுதிகளின் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று. 2001-இன் 84-ஆவது திருத்தப்படி, 2026-க்குப் பிந்தைய முதல் சென்சஸ் வரைதான் சீட் எண்ணிக்கைக்குப் பூட்டு. அந்த வேலையை அதுக்குள்ள முடிச்சா நல்லது.