அம்மா கேட்ட கேள்வி

சிங்கப்பூர்ப் பாடகி கோரின் மே ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் திரையிசை பயின்றவர். அவருடைய முதல் ஆல்பம் 2001இல் வந்தது. அமெரிக்கப் பாடகி கேரோல் கிங்கோடு சேர்ந்து எழுதிய பாட்டும் அதில் உண்டு; அறிமுகப் பாடகிக்கு அது சாதாரணப் பேறல்ல.

அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ‘ஃபிளை அவே’ என்ற பாட்டு. விமானங்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே, எப்போது வீடு திரும்புவாய் என்று மகளிடம் கேட்கிறார் அம்மா. மகளிடம் பதில் இல்லை. வருடங்கள் ஓடுகின்றன. அம்மாவுக்குத் தலை நரைக்கிறது, படுத்த படுக்கையாகிறார், அப்பா மகளைக் கூப்பிடுகிறார். இப்போது அதே கேள்வியை மகள் கேட்கிறாள். மெட்டு அதேதான், கேட்கிற வாய்தான் வேறு, போகிற இடமும் வேறு. பிரசங்கம் எதுவும் இல்லாமலே மறுமை நம்பிக்கை நெஞ்சில் இறங்கிவிடுகிறது. சாங்கி விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்பிய தாய்மாருக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த நம் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் ராகதாளத்தோடு சபை கூடிப் பாடுவதற்கானவை. கோரின் மேயின் பாட்டுகள் எம்ஆர்டி ரயிலில் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கானவை. எனக்கு இரண்டுமே வேண்டும்.