வகுத்திகளின் இடைவெளியும் அம்மன் காசும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ஒரு ரூபாய்க்கு 320. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்தச் சின்னஞ்சிறு செப்புக்காசை நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்துவந்தார்கள். எண்கணிதத்தில் இன்று பரவலாக இருக்கும் ஒரு வழக்கத்தை உரசிப் பார்க்க அதுவே நல்ல உரைகல்.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஏறுவரிசையில் எழுதி, அடுத்தடுத்தவற்றின் வித்தியாசங்களைக் கொண்டு தொடர்வரிசை அமைப்பதுதான் அந்த வழக்கம். 20-இன் வகுத்திகள் 1, 2, 4, 5, 10, 20; இடைவெளிகள் 1, 2, 1, 5, 10. ஒவ்வோர் எண்ணுக்கும் மிகப் பெரிய இடைவெளியை எடுத்து அடுக்கினால் ஒரு தொடர். மிகச் சிறியதை எடுத்தால் இன்னொன்று. 1964-இல் நீல் ஸ்லோன் தொடங்கிய தொடர்வரிசைக் களஞ்சியத்தில் இரண்டும் உண்டு.

முதல் தொடர் ஏமாற்றமே தருகிறது. மிகப் பெரிய இடைவெளி எப்போதும் கடைசியில்தான் வரும். எண்ணை அதன் மிகச் சிறிய பகாக் காரணியால் வகுத்து, வரும் ஈவை எண்ணிலிருந்து கழித்தால் விடை கையில். நடுவிலுள்ள வகுத்திகள் எப்படி அமைந்தாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டாவதில் இரட்டை எண்களுக்கெல்லாம் 1. பாதித் தொடர் அங்கேயே தீர்ந்துபோகிறது. கணினி நொடியில் உருவாக்கிவிடுவதால் இத்தகைய தொடர்கள் பெருகுகின்றன. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை.

கேள்வியிலிருந்து தொடங்கியவர் ஏ. கே. சீனிவாசன். புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்த அதே 1948-இல், ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அவர் நடைமுறை எண்களை அறிமுகப்படுத்தினார். தன்னைவிடச் சிறிய ஒவ்வோர் எண்ணையும், தன் வகுத்திகளுள் வெவ்வேறானவற்றைக் கூட்டியே தந்துவிடும் எண் நடைமுறை எண். நாணயத்திலும் எடையிலும் 12, 16, 20 போன்றவை ஏன் புழங்கின என்பதே அவர் சிந்தனையின் தூண்டுகோல். இங்கே இடைவெளிக்குப் பொருள் கிடைக்கிறது: ஒவ்வொரு வகுத்தியும் அதற்கு முன் வந்தவற்றின் கூட்டுத்தொகையை ஒன்றுக்கு மேல் தாண்டக் கூடாது. 10-இல் 1-க்கும் 2-க்கும் பிறகு 5 வந்துவிடுவதால் 4 கிடைப்பதில்லை. 20 தேறுகிறது, 320-உம் தேறுகிறது. அதாவது, வெறும் வித்தியாசம் பேசாது. அதுவரை சேர்ந்த தொகையோடு ஒப்பிட்டால்தான் பேசும். இந்த ஒரே மாற்றத்தால் கிடைத்த வளத்தைப் பாருங்கள். எந்த இரட்டை எண்ணையும் இரு நடைமுறை எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று கணிதவியலாளர் மெல்ஃபி 1996-இல் நிறுவினார். பகா எண்களுக்கு அதையொத்த கோல்ட்பாக் ஊகமோ இன்னும் நிறுவப்படவில்லை.

வித்தியாசத்தை விட்டு விகிதத்தைப் பார்த்தவர் கணிதவியலாளர் எர்டீஷ். ஏறத்தாழ எல்லா எண்களிலும், பெரியது சிறியதன் இருமடங்கை எட்டாத இரு வகுத்திகள் இருக்கும் என்றார். மையரும் டெனென்பாமும் அதை 1984-இல் மெய்ப்பித்தனர்.

ஆனாலும் சீனிவாசனின் அளவுகோலைச் சந்தைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. 10 தோற்றாலும் 100 தேறிவிடுகிறது. ஆகவே ரூபாயை 100-ஆகப் பகுத்து 1957 ஏப்ரல் 1-இல் வந்த நயா பைசாவை இதை வைத்துக் குறைசொல்ல இடமில்லை. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு வகுத்தியையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. அன்று நான்கு பைசா கொடுக்க வேண்டியவர் இரண்டு பைசாக் காசு இரண்டை எடுத்துத் தந்திருப்பார். மிகக் குறைந்த காசுகளில் கணக்குத் தீர்ப்பது எப்படி என்பதே கடைக்காரரின் கேள்வி. அது வேறு கணக்கு. வகுத்திகளின் இடைவெளி மட்டும் அதற்கு விடை சொல்லாது.