வில்லும் குடமும் எவ்வினக் கருவி?

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐவகைப்படுத்தல் தமிழிசை மரபு. பரதரது நாட்டிய சாத்திரம் மிடற்றை ஒழித்து நான்கென்னும். இப்பகுப்பு முழவு, குழல், யாழ், தாளம் என்பவற்றுக்கு இனிது பொருந்தும். சிற்றாறு பொருநையொடு கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்துச் சுடலைமாடன் கொடைவிழாக்களில் முழங்கும் வில்லுப்பாட்டுக் கருவிகளை இதனுள் அடக்கப் புகுவார்க்கோ இடர்ப்பாடு தோன்றும்.

வில்லின் நாண் தோலால் முறுக்கியது. வில்லில் தொங்குவன வெண்கல மணிகள். வீசுகோல் நாணிற் பட, மணிகள் ஒலிக்கும். நாணுண்மையின் நரம்புக்கருவியாம் எனின், அற்றன்று. நாணொலியினும் மணியொலியே மேற்பட்டு நிற்றலின். நாண் தோலாகலின் தோற்கருவியாம் எனின், அதுவும் பொருந்தாது. போர்த்த தோலின் அதிர்வே அவ்வினத்திற்கு இலக்கணமாகலின். ஆகவே வில் கஞ்சக்கருவியாதலே நேரிது.

குடமோ மண். வாயிற் பட்டையால் அறைய அகத்துக் காற்று முழங்கும். பக்கத்தைத் தட்ட ஓடே ஒலிக்கும். கஞ்சம் என்னும் பெயர் வெண்கலத்தைக் குறித்தலின் குடத்தை ஏலாது. வடநூலார் கூறும் கனம் என்பதோ திண்பொருள் அனைத்தையும் தழுவும்.

இவ்விடர்க்குக் காரணம், பெயர் செய்பொருள்பற்றி நிற்க, இனம் ஒலிபற்றி நிற்றலே. 1914-இல் ஹார்ன்போஸ்டெல், ஸாக்ஸ் என்னும் மேனாட்டறிஞர் இருவர் அதிர்வது எது என்பதனையே அடிப்படையாக வைத்துக் கருவிகளை வகுத்தனர். அவ்வாறே கஞ்சத்தைத் தானே அதிரும் திண்பொருள் எனவும், துளையை அதிரும் காற்று எனவும் கொள்ளின், வில்லின் மணியும் குடத்தின் ஓடும் முன்னதனுள்ளும், குடத்தின் வாயொலி பின்னதனுள்ளும் அடங்கும். பெயருள் அடங்காமை கருதி அவ்விரண்டனையும் புறத்தே தள்ளுதல் முறையன்று.